மரப்பெட்டியில் வந்த எஞ்சின்

வெள்ளாம்பல் என்ற விசைப்படகுக்கு அலைமேல் பறக்க ஆசை. பனி மூடிய ஒரு காலையில், மரப்பெட்டியில் வந்திறங்கிய புது எஞ்சினை அதன் வயிற்றில் பொருத்தினார்கள்.

"முந்நூறு குதிரைத்திறன். விலையும் கம்மி," என்றது எஞ்சின்.

"முன்னாடி இருந்ததும் இப்படித்தான் சொல்லுச்சு. நடுக்கடல்ல நின்னுபோய் மூணு நாள் மிதந்தேன். நீ நிக்காம ஓடுவியா?" என்றது படகு.

எஞ்சின் சற்று யோசித்தது. "தெரியலை. நான் இன்னும் தண்ணியையே பார்த்ததில்ல. எல்லாரும் வேகத்தைத்தான் கேட்டாங்க."

அந்தப் பதில் படகுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டும் கரையோரமாகவே மெல்லப் போயின. முகத்துவாரத்தில் பனி விலகி, கடல் வெள்ளியாக விரிந்தது.

"போலாமா?" என்று துடித்தது எஞ்சின்.

படகுக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் கரைப்பக்கம் திரும்பியது. "போலாம், இன்னைக்கு வேணாம். நீ நல்லா இருக்கும்போது போடுற சத்தம் எனக்கு முதல்ல பழகட்டும். அப்பதான் அது மாறினா, கோளாறுன்னு உடனே தெரியும்."