கூடப் போக ஒருவர்

ரொபி மிட்டாய்ப் பெட்டி பாதியாகிவிட்டது. றெஜி இதுவரை காதைப் பொத்தவில்லை, மேசைக்குக் கீழே நுழையவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் போய் நின்று கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிரியந்தினி விறாந்தை வாங்கில் இருந்தபடி யன்னல் கம்பிகளுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் மூன்றாம் வகுப்புக்குள் இருப்பதென்றால் தாய் வெளியே இருக்க வேண்டும். அது வகுப்பாசிரியை உதயகலா போட்ட நிபந்தனை. இரண்டு மாதமாகக் காலையில் குருநகரிலிருந்து வந்து, பள்ளிக்கூடம் விடும்வரை அந்த வாங்கில் காய்கிறாள். மற்றத் தாய்மார் கேற்றடியில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போகிறார்கள். அவர்களைக் கண்டாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இந்த வகுப்புக்குள் றெஜியை ஏற்ற அவள் வலயக் கல்விப் பணிமனைக்கு ஐந்து தடவை அலைந்தாள். ஒரு மேசைக்காரர் அடுத்த மேசையைக் காட்டினார். வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். கொண்டுபோனால் திகதி பழசு என்றார்கள். கடைசியில் அதிபர் இறங்கி வந்தது ஒரேயொரு தவணைக்குத்தான். தவணை முடியும்போது ரீச்சர் அறிக்கை எழுதுவார். பிள்ளை வகுப்பில் மற்றவர்களோடு சேர்கிறதா என்பதுதான் அதில் முதல் கேள்வி. இல்லை என்று விழுந்தால், பழையபடி மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் அலகு.

அறிக்கை நாளைக்கு.

அவனோ இடைவேளை மணி அடித்தால் போதும், சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அலகுக்கு ஓட்டம். அங்கே படிக்கிற கிறிஸ்ரோபரும் அவனும் ஒரே பெட்டிக்குள் கைவைத்தால்தான் இவனுக்குச் சாப்பாடு இறங்கும். போன கிழமையும் உதயகலா ரீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"முப்பத்தொரு பிள்ளையள் இருக்கிற வகுப்பில ஒண்டுகூட உவரின்ரை கண்ணில படேல்லையே?"

பிரியந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முப்பத்தொன்றில் எந்தப் பிள்ளையின் கண்ணில் என் பிள்ளை பட்டது என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கினாள். அறிக்கை எழுதப்போகிற கை ரீச்சருடையது.

இன்று றெஜிக்குப் பிறந்தநாள். அவள் விடுவதாக இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் பிள்ளை கலர் உடுப்போடு வரும். வகுப்புக்கு ரொபி கொடுத்து முடிய, தனக்குப் பிடித்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதிபருக்கும் மற்ற ரீச்சர்மாருக்கும் கொடுக்கப் போகும். பாடத்தைவிட்டு எழும்பித் திரியலாமென்று கூடப் போகப் பிள்ளைகள் போட்டிபோட்டு அடிபடும். றெஜியோடு போக ஒருவரும் அடிபடமாட்டார்கள் என்று தாய்க்குத் தெரியும்.

அதனால் நேற்றுப் பின்னேரம் ஒரு பெட்டி கேக்கோடு முன்வரிசை ஆரபியின் வீட்டுக்குப் போனாள். அந்தத் தாயும் மறுக்கவில்லை, பாவம் பார்த்துத் தலையாட்டினாள். தன் பிள்ளைக்காகச் சிநேகிதம் இரந்துவிட்டு, வருகிற வழியெல்லாம் பிரியந்தினி தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

"றெஜி, ஆரைக் கூட்டிக்கொண்டு போகப்போறீர்?" உள்ளே ரீச்சர் கேட்டார்.

சொல்லிவைத்தபடி ஆரபி எழுந்து நின்றாள்.

றெஜி அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு ரொபி கூடுதலாகவே எடுத்துக் கொடுத்தான். பிறகு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே வந்து, தாயைக் கடந்து, மைதானத்தில் இறங்கினான்.

அலகுப் பக்கம்.

உள்ளே பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உதயகலா ரீச்சர் வாசலுக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிரியந்தினி ஓடினாள். செருப்பில் ஒன்று மணலில் கழன்று போனதைக்கூடப் பார்க்கவில்லை. அலகின் வாசலில் கிறிஸ்ரோபர் ஏற்கெனவே வந்து நின்றான். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருப்பான் போல. அவள் கிட்டப் போவதற்குள் றெஜி அவனுடைய கையைப் பிடித்துவிட்டான்.

இரண்டு மாதத்து வெக்கையும் பணிமனைக்காரரின் முகங்களும் நேற்றைய கேக் பெட்டியும் சேர்ந்து அவளுடைய விரல்களில் ஏறின. கைகளைப் பிரித்தாள். இருவரும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"உவன் உன்ரை வகுப்பில்லை. ஆரபி பாத்துக்கொண்டு நிக்கிறாள், போ!"

றெஜி அழவில்லை. போனான்.

ஆரபி பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் அதிபரின் அறைப் பக்கம் நடந்தார்கள். உதயகலா ரீச்சர் போனை எடுத்து ஒரு படமும் எடுத்தார். தூரத்திலிருந்தே பிரியந்தினியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அறிக்கை சரிவரும்.

கிறிஸ்ரோபர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவனுக்கும் இன்று கலர்ச் சட்டைதான், றெஜியினுடைய அதே நீலம். காலையில் இரண்டு சட்டைக்கும் பொத்தான் பூட்டிவிட்டவள் அவள்தான்.

ஒரு பிள்ளைக்குத்தான் இடம் தரலாம் என்று அதிபர் சொன்னபோது, இரண்டு நாள் யோசித்து, கொஞ்சமாவது கதைக்கிறவனின் பெயரை அவள் எழுதிக் கொடுத்தாள்.

கதைக்காதவன், அவனுக்குப் பதினொரு நிமிடம் பிந்திப் பிறந்தவன்.