மேசையின் அடிப்பக்கம்

கொய்யா மரம் நின்ற இடத்தில் இப்போது கார் நின்றது. மரம் போனதிலிருந்து அக்கா அணிலும் தங்கை அணிலும் மதில் ஓட்டையில் குடியிருந்தன.

ஒரு காலையில் அந்த வீட்டுக்காரர் மதிலோரம் குட்டியாக ஒரு மர மேசையும் ஊஞ்சலும் செய்து வைத்தார். மேசைமேல் ஒரு பிடி வேர்க்கடலை.

தங்கை பாய்ந்தது. அக்கா அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

"நேத்துவரைக்கும் நம்ம மேல செருப்பை எறிஞ்சவன் இன்னிக்குக் கடலை வைக்கிறான்னா, இதுல ஏதோ இருக்குடி."

அக்கா கடலையை முகர்ந்தது. மருந்து வாடை இல்லை. ஊஞ்சல் கயிற்றை இழுத்துப் பார்த்தது. சுருக்கு எதுவும் இல்லை. அதற்குள் தங்கை ஊஞ்சலில் ஏறி, கடலையைக் கொறித்தபடி ஆட ஆரம்பித்துவிட்டது.

சந்தேகம் தீராமல் அக்கா மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. மேல்பக்கம்தான் இழைத்திருந்தது. அடியில் மரப்பட்டை அப்படியே இருந்தது. பட்டையில் வரிசையாகப் பல் தடம். அக்காவின் பல் தடம்.

"அடியே, இறங்கு! இது நம்ம கொய்யா மரம்! நம்ம வீட்டை அறுத்துத்தான் இதைச் செஞ்சிருக்கான்!"

தங்கை ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"இருக்கட்டுமேக்கா. அந்த மரத்துல இவ்வளவு தட்டையா ஒரு கிளையாவது இருந்துச்சா?"

அக்காவுக்குக் கோபத்தில் வால் சிலிர்த்தது. வெகுநேரம் மேசையடியை விட்டு வரவில்லை. பிறகு மெல்ல வந்து, ஊஞ்சல் பலகையில் ஒரு காலை மட்டும் வைத்துத் தடவிப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காருடி" என்றது.