ஏழாவது தலை

“இன்னும் ஒரே ஒரு தலைதான் வேணும். அது கெடைக்காம உசுர வாங்குது” என்று முனகிக்கொண்டே சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தான் தம்பிதுரை. துடியலூரிலிருந்து உக்கடம் வரைக்கும் வெயிலில் மிதித்துப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான்.

சாயங்காலம் அவன் வேலை பார்க்கும் மில்லில் நாடக ஒத்திகை. ஆண்டு விழாவுக்கென்று வாத்தியார் புதிதாக எழுதிய நாடகத்தில் ஏழு தலை அரக்கன்தான் எல்லாமே. வருசா வருசம் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கும் தம்பிதுரைக்கு, அதிசயமாக அந்த வேடம் வாய்த்திருந்தது. அதிலும் ஒரு கொக்கி. தலை அலங்காரத்தை அவனே செய்துகொண்டு வர வேண்டும். இன்றைக்குள் வரவில்லை என்றால் வேடம் கூட வேலை பார்க்கும் பாலுசாமிக்கு.

வாசலில், அம்மிக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் உலக்கையைச் செருகி நிறுத்தியிருந்தான். அதன்மேல் கண்ணாடி போன பழைய ஹெல்மெட். அதன் இரண்டு பக்கமும் மும்மூன்று தலைகள்.

எல்லாம் உக்கடத்தில் அமீர் ஹம்சா பாயின் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. ஜவுளிக்கடைப் பொம்மைகளின் தலை இரண்டு, நசுங்கிய அலுமினியச் சோற்றுப் போசி இரண்டு, பிளாஸ்டிக் பூந்தொட்டி இரண்டு. கார் விளக்கின் வளையங்கள் கிரீடமாகியிருந்தன, சைக்கிள் மணி மூடிகள் கம்மலாகியிருந்தன. துணி பிரஷ் மீசைக்குப் போக, தூசி தட்டும் இறகெல்லாம் கொண்டையில் சிலிர்த்து நின்றது. வெயில் பட்டால் கண் கூசும். தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கமும் சாயாமல் நின்றது.

ஆனால் ஆறுதானே! ஏழாவதுக்கு இன்று பாய் கடையில் ஒன்றும் சிக்கவில்லை. வீட்டிலிருந்த மண்சட்டியைக் கட்டிப் பார்த்தான். வலப் பக்கம் கட்டினால் மொத்தமும் வலப் பக்கம் சாய்ந்தது. இடப் பக்கம் மாற்றினால் இடப் பக்கம். உச்சியில் வைத்தான், உருண்டு விழுந்து உடைந்தது.

“தூ! இதும் ஒரு பொழப்பா!” என்று சுத்தியலை வீசினான்.

அந்த நேரம் பார்த்துப் பாலுசாமி வந்து சைக்கிள் மணியை அடித்தான். “ஏனுங்ணா, ரெடிங்களா?” என்று இறங்காமலே விரலை நீட்டி எண்ணினான். “ஆறுதானுங்க இருக்குது! அந்த ஈட்டியத் தொடச்சு வெச்சுக்குங்ணா. அரக்கன் வசனம் பூராத்தையும் நான் நெட்டுருப் போட்டுட்டேன்.”

“எண்ண வந்துட்டான் பெருசா! போடா, ஏழோட வாரேன்.”

பாலுசாமியின் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. தம்பிதுரை விறுவிறுவென்று உள்ளே போய்ப் பரணில் கையை விட்டான்.

“அதையத் தொடாதீங்க!” மனைவி மயிலாத்தாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். அது அவள் பெயர் பொறித்த சின்ன எவர்சில்வர் குடம். “எங்கம்மா சீருக்குக் குடுத்ததுங்க. அவிய நெனப்புக்கு அது ஒண்ணுதான் இருக்குது.”

“அடியில ஒரு ஓட்டைதான் அம்மணி. நாடகம் முடிஞ்சதும் மில்லுல வெல்டிங் வெச்சு அடைச்சுத் தாரேன்.”

“ஒட்டுப்போட்ட கொடத்துல ஆராச்சும் தண்ணி மோப்பாங்களா? வேசம் கட்டறதுக்கு முந்தியே அரக்கனாட்டம் பண்றீங்களே!”

அவன் குரல் இறங்கிப் போயிற்று. “ஒரே ஒரு வாட்டி, நான் பேசறத நாலு பேரு கேக்கட்டும்னு பாக்கறேன் புள்ள.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு ஓட்டையில் குடம் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று போட்டான், அப்புறம் இன்னொன்று. டிரில் கிறீச்சிடும்போதெல்லாம் உள்ளே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கேட்காதவன் மாதிரி குடத்துக்குக் கண்ணும் வாயும் வரைந்து முடித்தான். போல்ட்டை இறுக்கியதும், ஹெல்மெட்டின் உச்சியில் குடம் கும்மென்று உட்கார்ந்தது.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. உலக்கையிலிருந்து உருவி, முதல் முறையாகத் தன் தலையில் மாட்டிக்கொண்டான். தெருவே திரும்பிப் பார்க்க அரக்கச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

“அம்மணி, வெளிய வா! வந்து நீயே எண்ணிப் பாரு!”

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, உச்சியில் அவளுடைய குடம். நீட்டிய விரல் மெல்லக் கீழே இறங்கி, அவன் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

“ஏனுங்க, இது தலையில்லீங்களா?”