கொடியில் தொங்கும் கைலி

"பேரு கார்மேகம், வயசு இருபத்து மூணு, சண்டை நடக்கிற ஊர்ல பழைய நூலகத்துக்குக் காவல்," என்று வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தைக் கைப்பேசியில் சொல்லிச் சொல்லி எழுதவைத்தான் கார்மேகம்.

தாக்கக் கூடாத பழங்கட்டடங்களின் பட்டியலில் உள்ள படத்தோடு நூலகக் கட்டடம் அப்படியே ஒத்துப்போனால் டிரோன் விலகிவிடும். இல்லையென்றால் குண்டு போடும். படம் எடுத்த அன்று தூண்களுக்கு நடுவே அவன் கைலி காய்ந்துகொண்டிருந்தது; படத்தில் அதுவும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அதைக் கொடியிலிருந்து எடுக்கவே முடியவில்லை.

இன்றும் டிரோன் வந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"உன் கைலிக்கு உலகமே காவல்டா, மாப்ள!" என்றான் கூட வேலை பார்க்கும் சிக்கந்தர்.

கார்மேகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி கைப்பேசியிடம் கடிதத்தைத் தொடர்ந்தான்: "எண்ணூறு வருசத்துப் புத்தகமெல்லாம் பத்திரம், நானும் பத்திரம். ஆனா கைலி வெயில்ல நைஞ்சுபோச்சு. இதை யார் படிச்சாலும் அம்மாகிட்ட சொல்லுங்க: பரமக்குடி கடையில இதே பச்சைக் கட்டம் போட்டதா ரெண்டு வாங்கி, சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க."