அம்மன் சொன்ன வாக்கு

1983 ஆடி மாதம். டெல்லி முனிர்காவை ஒட்டிய தமிழர் குடிசைகளில் அம்மன் கூத்து. முகமெல்லாம் பச்சை வர்ணம் பூசி, சூலம் ஏந்தி சாந்தகுமாரி ஆட, பெண்கள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள்.

வீட்டு வேலை செய்யும் குஞ்சம்மாளும் விழுந்தாள்.

"தாயே, ஆவணியில என் பொண்ணுக்குக் கல்யாணம். மூத்தவன் பொம்பளையா மாறி ஆறு வருஷமா எங்கியோ திரியறான். மாப்ள வீட்டுல அவன் செத்துட்டான்னு சொல்லியிருக்கேன். அவன் வந்து நிக்காம நீதான் காப்பாத்தணும்."

சாந்தகுமாரியின் ஆட்டம் ஒரு கணம் நின்றது.

"வர மாட்டான் மகளே. தைரியமா நடத்து."

குஞ்சம்மாள் அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

கூத்து முடிந்தது. படுதாவுக்குப் பின்னால் வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் பம்பைக்காரர் அப்பாவு கேட்டார்.

"உங்க அம்மா இந்தக் குடிசைங்கள்லதான் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தானே சம்பளம்கூட வேணாம்னு ஆட வந்தே? பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. அது கால்ல விழுந்து கும்புடலாம்னுதான் வந்தேன்."

"கும்புட்டியா?"

"இல்லண்ணே. அதுதான் என் கால்ல விழுந்துச்சு."