அத்தை மொத்தமும் தள்ளினார்

அத்தை தன் முன்னால் இருந்த பந்தயச் சிப்புகள் அத்தனையையும் இரண்டு கையாலும் அணைத்து மேஜையின் நடுவே தள்ளினார்.

“ஆல்-இன்.”

தடுப்புக்கு வெளியே நின்ற கூட்டத்தில் மாப்பிள்ளை குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்த்தான். லேத் பட்டறைக்காரன், நக இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு. அத்தை அவன் மனைவியைப் பெற்றவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர்.

போக்கர் போட்டியில் மிச்சம் பத்துப் பேர், இரண்டு மேஜைகள். இன்னும் ஒருவர் விழுந்தால் போதும், மற்ற ஒன்பது பேருக்கும் கடைசி மேஜை. அந்த மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்து இந்த கிளப் பார்த்ததே இல்லை.

அத்தையின் சிப்புகளோ இன்னும் இரண்டு சுற்றுக்குக்கூடத் தாங்காது.

மற்றவர்கள் சீட்டை மடக்கி ஒதுங்கிவிட்டார்கள். பல் டாக்டர் மட்டும் மடக்கவில்லை. அவரிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. கட்டித் தோற்றால் நேராக வீட்டுக்கு.

“என்னம்மா, ராஜாவா, ராணியா?”

“பாக்கணும்னா கட்டுங்க டாக்டர். பல்லு புடுங்கற மாதிரிதான், ஒரே இழுப்பு.”

மேஜையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

கைக்கு வரும் இரண்டு சீட்டும் பெரிய ஜோடியானால் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கட்டுவார், எதிராளி ஆசைப்பட்டு உள்ளே வரட்டும் என்று. இரண்டு, மூன்று, நான்கு என்று பொடி ஜோடி வந்தால்தான் இப்படி மொத்தமும். பொடி ஜோடியோடு அடுத்தவன் பின்னால் போனால் செத்தோம். நாம் முந்திக்கொண்டால் முழிக்க வேண்டியது அவன். இது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சட்டைப் பொத்தான்களை வைத்து ஆடும்போதும் அப்படித்தான். ஹாரனை அழுத்திக்கொண்டே வளைவில் திரும்புகிற பேருந்துக்கு யார்தான் ஒதுங்கமாட்டார்கள்?

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடியும் சீட்டை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

கடைசியில் ஒரு பெருமூச்சு. இரண்டு எட்டுகளை எல்லோருக்கும் தெரிய மல்லாத்திப் போட்டு மடக்கினார்.

அத்தை தன் சீட்டுகளை நிதானமாகத் திருப்பினார்.

இரண்டு. இன்னொரு இரண்டு.

ஹால் முழுக்க ‘ஓ’வென்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் அடுத்த மேஜையில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பத்து, ஒன்பதானது.

“யாருங்க அந்தம்மா?” பக்கத்தில் நின்றவர் வாயைப் பிளந்தார்.

“எங்க அத்தைங்க. அவங்க தள்றப்பவே கையில என்னன்னு சொல்லிடுவேன்.” ஏதோ தானே ஜெயித்துவிட்டு வந்தவன்போல இருந்தது குரல்.

“அடேங்கப்பா! அவங்க ஆட்டம் இவ்வளவு அத்துப்படின்னா நீங்களும் சேந்திருக்கலாமே?”

“சேந்தேனே.” மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “காலைல இதே மாதிரி தள்ளினாங்க. பொடி ஜோடின்னு இந்த ஹால்லயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சே கட்டினேன். என் கையில ஏஸும் ராஜாவும்.”

“அப்புறம்?”

“அவங்க கையில மூணும் மூணும். மேஜையில விரிச்ச அஞ்சு சீட்டுல ஒண்ணுகூட என் கையோட ஜோடி சேரல. அதான் இங்க நிக்கிறேன்.”