தென்துருவத்தில் தெற்கு

தென்துருவப் புள்ளியின் மேலேயே கட்டிய வீட்டில் பரிமளம் குடும்பத்தோடு குடியேறி மூன்று வருடமாகிறது. அம்பாசமுத்திரத்தில் அப்பா இறந்த செய்தியை அண்ணன்தான் போனில் சொன்னான்.

"நீயும் தெற்க பாத்து எள்ளுந்தண்ணியும் விடும்மா."

"இங்க தெற்கே கெடையாதுண்ணே. எங்க திரும்புனாலும் வடக்குதான்."

அண்ணன் அழுகையினூடே யோசித்தான். "அப்போ வீட்டவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போயி நில்லு."

பனியில் நூறடி நடந்து, திரும்பி நின்றாள். இப்போது தெற்கே அவள் வீடுதான் இருந்தது. சன்னலில் கணவனும் மகளும் நின்றார்கள். இறந்தவர்களின் திசையில் அவர்களைப் பார்த்ததும் எள்ளை ஏந்திய கையை மூடிக்கொண்டாள். கணவனைப் போனில் அழைத்தாள்.

"பாப்பாவ நல்லாப் போர்த்திக் கூட்டிட்டு நீங்களும் இங்க வாங்க."

இருவரும் வந்து பக்கத்தில் நின்ற பிறகே, ஆளில்லாத வீட்டைப் பார்த்து "அப்பா" என்றபடி பிளாஸ்கிலிருந்த வெந்நீரை எள்ளோடு விட்டாள்.